மதுரைக் கால்: ஹென்றி வான்டைக் கார்ட்டரின் யாரும் படிக்காத புத்தகம்

லஸ் கார்னர் நடைபாதைப் பழைய புத்தகக் கடையில் நாலைந்து வருஷம் முன்னாடி ஒரு கிரேஸ் அனாடமி வாங்கினேன். அட்டை போயிருந்தது. எந்தக் காலத்து எம்பிபிஎஸ் மாணவரோ பக்கத்துக்குப் பக்கம் சிவப்புப் பென்சிலில் கோடு போட்டிருந்தார். நான் டாக்டர் இல்லை, பிஇ படித்துவிட்டு ஓஎம்ஆரில் சாஃப்ட்வேர் எழுதுகிறவன். படங்களுக்காகத்தான் வாங்கினேன். அந்தப் படங்களை வரைந்தது யார் என்று தேடப் போனதில் ஆரம்பித்த குறிப்புகள்தான் இவை. தேடல் கடைசியில் மதுரைக்கும், மதுரையிலிருந்து எங்கள் மந்தைவெளி வீட்டுத் திண்ணைக்கும் வந்து சேரும் என்று அன்றைக்குத் தெரியாது.

வரைந்தவர் பெயர் ஹென்றி வான்டைக் கார்ட்டர். 1831இல் இங்கிலாந்தின் ஹல் நகரில் பிறந்தவர். அப்பா ஓவியர். மகனுக்கு நடுப்பெயராக வான்டைக் என்று ஒரு பெரிய ஓவியரின் பெயரையே வைத்திருக்கிறார். பையன் லண்டன் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையில் மருத்துவம் படித்தார். அங்கே ஹென்றி கிரே என்ற அறுவை மருத்துவர் மாணவர்களுக்கு ஒரு நல்ல உடற்கூறு நூல் எழுதலாம் என்று அழைக்க, கிரே எழுத, கார்ட்டர் வரைய, இரண்டு பேரும் சேர்ந்து பிணங்களை அறுக்க, 1858இல் புத்தகம் வந்தது. 363 படங்கள். நரம்பு, தசை, எலும்பின் பெயர்களை அம்புக்குறி போட்டு ஓரத்தில் எழுதாமல் அந்த உறுப்பின் மேலேயே எழுதியது கார்ட்டரின் வழி. ரத்தக்குழாய் எப்படி வளைகிறதோ அப்படியே அதன் பெயரும் வளைந்து ஓடும். ராத்திரி இரண்டு மணிக்குப் பரீட்சைக்குப் படிக்கிறவனுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று யோசித்துப் பாருங்கள். வரைபடத்தை விட்டுக் கண்ணை எடுக்கவே வேண்டாம்.

கிரேவுக்கு ஆயிரம் பிரதிக்கு 150 பவுண்டு என்று ராயல்டி. கார்ட்டருக்கு ஒரே தடவை 150 பவுண்டு, அவ்வளவுதான். முகப்புப் பக்கத்தின் அச்சு மெய்ப்பு இன்றும் இருக்கிறது. அதில் கார்ட்டரின் பெயரைச் சின்ன எழுத்தில் போடச் சொல்லி கிரே திருத்தியிருக்கிறார். பம்பாயில் கார்ட்டருக்குக் கிடைக்கவிருந்த பேராசிரியர் பதவியின் பெயரையும் அடித்துவிட்டார். ரூத் ரிச்சர்ட்சன் என்ற வரலாற்றாசிரியர் 2008இல் எழுதிய நூலில் இந்தக் கதையை அழகாகச் சொல்கிறார்.

என் புகார் இங்கேதான் தொடங்குகிறது. கார்ட்டரைப் பற்றி நான் படித்த கட்டுரைகள் பெரும்பாலும் இந்த அநியாயத்தோடு நின்றுவிடுகின்றன. பாவம், நல்ல மனுஷன், ஏமாற்றப்பட்டார், இந்தியாவுக்குப் போய்விட்டார். முற்றும். இந்தியாவுக்குப் போனது ஏதோ கதையிலிருந்து வெளியேறியது மாதிரி! 1858இல் அவருக்கு வயது 26. 1888 வரை, அதாவது முப்பது வருஷம், இந்திய மருத்துவப் பணியில் இருந்தார். பம்பாய் கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் உடற்கூறும் உடலியங்கியலும் கற்பித்தார். சத்தாராவில் சிவில் சர்ஜனாகவும் அந்த ஊர் ஜெயிலின் மேற்பார்வையாளராகவும் இருந்தார். தொழுநோய் ஆராய்ச்சிக்காக நார்வே வரை போய் ஹான்சனைச் சந்தித்தார். கிராண்ட் கல்லூரியின் முதல்வராகவும் இருந்தார். இன்று அவரை எப்படி வகைப்படுத்துவது என்று கேட்டால், இந்திய மண்ணின் முதல் வரிசை நோய்க்குறியியல் ஆய்வாளர்களில் ஒருவர் என்றுதான் சொல்வேன். ஓவியர் என்பது அதற்கு அப்புறம்தான்.

அவருடைய ஆகச் சிறந்த புத்தகமும் கிரேஸ் அனாடமி இல்லை, 1874இல் லண்டனில் அச்சான 'மைசிட்டோமா அல்லது இந்தியாவின் பூஞ்சை நோய்' என்ற ஒல்லியான நூல் என்பது என் கட்சி. அந்தப் புத்தகத்தின் மையமான முடிவு பாதி தப்பு என்று தெரிந்தே சொல்கிறேன்.

முதலில் நோயைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

காலில் ஒரு சின்ன முடிச்சு வரும். வலிக்காது. வலிக்காததால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். மாதங்கள் போகும், சில சமயம் வருஷங்களும் போகும். பாதம் தடிக்கும், ஆங்காங்கே சின்னச் சின்ன வாய் திறக்கும், புரையோடும். அந்தப் புரைகளிலிருந்து வரும் நீரில் குருணை குருணையாக ஏதோ விழும். வீக்கம், புரை, குருணை. இந்த மூன்றும் சேர்ந்தால்தான் இந்த நோய். உள்ளே அது எலும்பைத் தின்றுகொண்டே போகும். வெறுங்காலோடு வயலில் நிற்பவர்கள், ஆடு மாடு மேய்ப்பவர்கள், முள் குத்தினால் பிடுங்கிப் போட்டுவிட்டு வேலையைப் பார்ப்பவர்கள், இவர்களுக்குத்தான் பெரும்பாலும் வரும். யானைக்கால் என்று இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது கொசுவால் வரும் புழு நோய். இது வேறு.

1842இல் மதுரை டிஸ்பென்சரியில் இருந்த கில் என்ற ஆங்கிலேய மருத்துவர் இதை எழுதிவைத்தார். 1846இல் அதே டிஸ்பென்சரியில் கோல்புரூக் என்பவர் இதை 'மதுரைக் கால்' என்று குறிப்பிட்டார். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. உலகத்தில் எந்த மருத்துவ நூலைத் திறந்தாலும் இன்றைக்கும் மதுரை இருக்கும், மீனாட்சியால் இல்லை, இந்தக் காலால். ஆனால் நோய் ஒன்றும் புதிதில்லை. வடமொழி மருத்துவத்தில் இதை 'பாத வல்மீகம்' என்று அடையாளம் காண்கிறார்கள். வல்மீகம் என்றால் புற்று. பல வாய் திறந்த கறையான் புற்று மாதிரி பாதம் என்று அர்த்தம். நாமும் கான்சருக்குப் புற்றுநோய் என்றுதானே சொல்கிறோம். புற்று என்ற சொல்லுக்கு இந்தக் காலைவிடப் பொருத்தமான நோய் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்றால், என் பெரியப்பாவுக்கு இது இருந்தது. மேலூர் பக்கம் கிராமம், இரண்டு ஏக்கர் நெல். 1991இல் வைத்தியத்துக்காக மெட்ராஸ் வந்து எங்கள் மந்தைவெளி வீட்டில் இரண்டு மாசம் இருந்தார். நான் ஆறாவது படித்துக்கொண்டிருந்தேன். திண்ணையில் உட்கார்ந்து நீல பிளாஸ்டிக் பேசினில் டெட்டால் தண்ணீர் ஊற்றி காலைக் கழுவுவார். என்னை அந்தப் பக்கம் விட மாட்டார்கள். டெட்டால் வாசமும் அதற்கு அடியில் இன்னொரு வாசமும் ஞாபகம் இருக்கிறது. பிறகு ஊரில் ஒரு ஆஸ்பத்திரியில் கணுக்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே முக்கியமில்லை. பெரியப்பா அதற்குப் பிறகு பன்னிரண்டு வருஷம் இருந்தார். வயலுக்குப் போகவில்லை.

காலேஜ் முடித்த பிறகு எங்கேயோ படித்தேன்: மதுரைக் காலில் இரண்டு வகை உண்டு, ஒரு வகை ஊசி மாத்திரையிலேயே முழுசாகக் குணமாகும், வெட்டவே தேவையில்லை. அன்றிலிருந்து அந்த ஆஸ்பத்திரி மேல் எனக்கு ஒரு தீராத கோபம். டெஸ்ட் பண்ணாமல் வெட்டியிருக்கிறார்கள், ஏழை விவசாயி என்பதால் கேட்க ஆளில்லை. இதைத்தான் இருபது வருஷம் எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தேன். இந்த மனநிலையோடுதான் கார்ட்டரின் 1874 புத்தகத்தை இணையத்தில் ஸ்கேன் பிரதியாகப் படிக்க உட்கார்ந்தேன். அதனால் இது முழுக்க நடுநிலையான விமர்சனம் இல்லை. சொல்லிவிட்டேன்.

புத்தகத்தைத் திறந்ததும் பிரமிப்பைத் தருவது அதன் பொறுமை. பம்பாய் வந்த இரண்டே வருஷத்தில், 1860இல், கார்ட்டர் இந்த நோயைப் பற்றிய முதல் கட்டுரையை அங்கே இருந்த மருத்துவச் சங்கத்தின் இதழில் எழுதிவிட்டார். அதற்கப்புறம் பதினான்கு வருஷம் கழித்துத்தான் புத்தகம். வெட்டி எடுக்கப்பட்ட கால்கள்தான் அவருடைய மூலப்பொருள். ஒரு காலை நீளவாட்டில் இரண்டாகப் பிளந்து உள்ளே பார்க்கிறார். எலும்பில் உருண்டையான குழிகள், குழிகளை இணைக்கும் சுரங்கங்கள், சுரங்கம் தோலில் வந்து திறக்கும் வாய், எல்லாவற்றுக்குள்ளும் நிறைந்திருக்கும் குருணைகள். கிரேஸ் அனாடமியில் ஆரோக்கியமான பாதத்தை வரைந்த அதே கை, இப்போது அந்தப் பாதம் எப்படிச் சிதைகிறது என்று வரைகிறது. அனாடமி தெரிந்தவன் மட்டுமே எழுதக்கூடிய நோய்க்குறியியல் இது. எந்த எலும்பு முதலில் போகிறது, எது தாக்குப்பிடிக்கிறது என்று அவரால் சொல்ல முடிகிறதற்குக் காரணம், நல்ல பாதத்தில் எது எங்கே இருக்கும் என்பது அவர் விரலுக்குத் தெரியும்.

நோய்க்கு அவர் வைத்த பெயரும் எனக்குப் பிடிக்கும். மதுரைக் கால் என்ற பெயரில் இரண்டு தப்பு. மதுரையில் மட்டும் வருவதில்லை, காலில் மட்டும் வருவதில்லை. கையில் வரும், முதுகில் வரும். பெல்லாரியிலிருந்து சிந்து வரை வரும். கார்ட்டர் ஊரையும் உறுப்பையும் தூக்கிப் போட்டுவிட்டு, கிரேக்கத்தில் காளானுக்கும் கட்டிக்குமான சொற்களைச் சேர்த்து மைசிட்டோமா என்று வைத்தார். காளான் கட்டி. சாஃப்ட்வேரில் ஒரு விஷயம் சொல்வோம்: பிழை எந்த மெஷினில் முதலில் தெரிந்ததோ அந்த மெஷின் பெயரைப் பிழைக்கு வைக்காதே, என்ன உடைகிறதோ அதைப் பெயராக வை. அதைத்தான் அவர் செய்தார். ஆனால் உலகம் இரண்டு பெயரையும் வைத்துக்கொண்டது.

புத்தகத்தின் உயிர்நாடி என்று நான் நினைப்பது அவருடைய வகைப்பாடு. குருணையின் நிறத்தைப் பார்த்துப் பிரிக்கிறார். ஒன்று கறுப்பு, வெடிமருந்துத் தூள் மாதிரி. இன்னொன்று வெளிர், மீன் சினை மாதிரி. அபூர்வமாகச் சிவப்பும் உண்டு. ஒரே வீக்கம், ஒரே புரை, ஒரே அழிவு. வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசமே தெரியாது. ஆனால் ஒரே காலில் கறுப்பும் வெளிரும் கலந்து வருவதில்லை என்பதை வைத்து இவை இரண்டு வகை என்று தனித்தனியாக வைக்கிறார். இந்தக் கோடு 150 வருஷம் தாண்டியும் பெரும்பாலும் நிற்கிறது. இன்றைக்கும் டாக்டர் முதலில் கேட்கும் கேள்வி, குருணை என்ன நிறம்?

இனி அவர் சறுக்கிய இடம்.

நிறத்தால் இரண்டாகப் பிரித்த மனுஷன், காரணத்தில் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார். இரண்டுமே பூஞ்சை என்றார். கறுப்புக் குருணையில் பூஞ்சை இழை மைக்ரோஸ்கோப்பில் தெரிகிறது, சரி. வெளிர் குருணையில்? அவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை. ஆனால் அவருக்கு ஒரு பூஞ்சை வேண்டியிருந்தது. வெட்டியெடுத்த திசுவை ஜாடியில் வைத்திருந்தபோது மேலே இளஞ்சிவப்பாக ஒரு பூஞ்சணம் படர்ந்தது. இதுதான் குற்றவாளி என்று அவர் நம்பினார். இங்கிலாந்தில் பூஞ்சை அறிஞர் பெர்க்லி அந்தப் பூஞ்சணத்துக்கு 'கயோனைஃபே கார்ட்டரி' என்று கார்ட்டர் பெயரையே வைத்தார். ஒரு முகப்புப் பக்கத்தில் பெயர் சின்னதாகிப் போனவருக்கு ஒரு உயிரினத்தின் பெயரில் இடம் கிடைத்தது. ஆனால் அது நோய்க்குச் சம்பந்தமே இல்லாதது. மீந்துபோன இட்லி மாவில் படருமே, அந்த மாதிரி வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட ஒன்று.

இதைச் சொன்னவர்கள் அப்போதே இருந்தார்கள். கல்கத்தாவில் லூயிஸ், கன்னிங்ஹாம் என்ற இரண்டு மருத்துவர்கள். மனித ரத்தத்தில் ஃபைலேரியா புழுக்குஞ்சைப் பார்த்துச் சொன்ன அதே லூயிஸ். கார்ட்டரின் புத்தகம் வந்த அடுத்த வருஷமே, 1875இல், இவர்கள் ஒரு அறிக்கை போட்டார்கள். வெளிர் வகையில் பூஞ்சையே காணோம், கறுப்பு வகையில் இருப்பதும் நோய்க்குக் காரணமா அல்லது அழிந்த திசுவில் பிறகு குடியேறியதா என்று தெரியவில்லை என்பது அதன் சாரம். படிக்கும்போது எனக்கு முதலில் இவர்கள் பக்கம்தான் சாயத் தோன்றியது. நல்ல கோட் ரிவ்யூ மாதிரி, நீ சொல்கிறாய், ஆதாரம் எங்கே என்ற குரல். ஆனால் முடிவில் பார்த்தால் இரண்டு தரப்பும் பாதிப் பாதி. கறுப்பு வகைக்குப் பூஞ்சைதான் காரணம். அங்கே கார்ட்டர் சரி, சந்தேகப்பட்டவர்கள் தப்பு. வெளிர் வகையில் பூஞ்சை இல்லை என்று அவர்கள் பார்த்தது பெரும்பாலும் சரி. ஆனால் அங்கேயும் ஒரு உயிர் இருந்தது, அவர்கள் கண்ணுக்குச் சிக்காத அளவு மெல்லிசாக.

அந்த உயிரை 1894இல் வின்சென்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் அல்ஜீரியாவில் ஒரு நோயாளியிடமிருந்து வளர்த்தெடுத்தார். பூஞ்சை மாதிரியே இழை இழையாக வளரும் பாக்டீரியா. இன்றைக்கு அதன் பெயர் ஆக்டினோமதுரா மதுரே. அல்ஜீரியாவில் கிடைத்த கிருமிக்கு இரண்டு தடவை மதுரை! கறுப்பு வகைப் பூஞ்சையின் பேரினத்துக்கு 1905இல் புரும்ப்ட் வைத்த பெயர் மதுரெல்லா. அதிலும் மதுரை. 1913இல் பினோய் என்பவர் நோயையே இரண்டாகப் பிரித்தார். பூஞ்சையால் வருவது ஒன்று, பாக்டீரியாவால் வருவது ஒன்று. இதில் ஒரு வேடிக்கை உண்டு. தென்னிந்தியாவில் அதிகம் பார்க்கப்படுவது பாக்டீரியா வகைதான். கறுப்புக் குருணைப் பூஞ்சை வகை ராஜஸ்தான் மாதிரி வறண்ட பகுதிகளில் அதிகம். அதாவது கார்ட்டர் 'பூஞ்சை நோய்' என்று பெயர் வைத்த நோயில், மதுரைக்காரர்களின் கால்களில் பெரும்பாலானவற்றில் பூஞ்சையே கிடையாது.

இந்தத் தப்பு ஏன் நடந்தது? அந்தக் காலத்தில் ஒரு கிருமியை மட்டும் தனியாகப் பிரித்து வளர்க்கும் நுட்பம் கிடையாது, கோக்கின் முறைகள் வந்தது 1880களில். அது ஒரு காரணம். ஆனால் அதோடு நிறுத்துவது கார்ட்டருக்குச் சலுகை கொடுப்பது என்று எனக்குப் படுகிறது. இதில் அவருடைய திறமைக்கே ஒரு பங்கு இருக்கிறது. அவர் வரைந்து யோசிக்கிறவர். கண்ணில் தெரிவதை அவரைவிட நேர்மையாகப் பதிவு செய்தவர் அந்தக் காலத்தில் குறைவு. குருணையின் நிறம், எலும்பின் குழி, புரையின் வழி, கண் எட்டும் இடத்தில் எல்லாம் அவர் சொன்னது நிற்கிறது. காரணம் என்பது கண்ணுக்குத் தெரிகிற பொருள் இல்லை. அதைச் சோதனை பண்ணித்தான் பிடிக்க முடியும். அங்கேயும் அவர் பார்க்க ஆசைப்பட்டார். ஜாடியில் ஏதோ ஒன்று அழகாக, சிவப்பாக, வரையத்தக்கதாகத் தெரிந்தது. நம்பிவிட்டார்.

இன்னொரு குறையும் சொல்ல வேண்டும். அந்த நூலின் படங்கள் கால்களின் படங்கள். வெட்டிய கால், பிளந்த கால், எலும்பு, குருணை. கறுப்பு வகையோ வெளிர் வகையோ, அந்தக் காலத்தில் தெரிந்த ஒரே வைத்தியம் வெட்டுவதுதான், அதற்கு அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இவ்வளவு பொறுமையாகப் பார்க்கத் தெரிந்தவர், ஒரு காலை மட்டும் வைத்துக்கொண்டு அந்த உழவர் ஊருக்குப் போய் என்ன செய்தார் என்ற பக்கம் திரும்பியிருந்தால் என்று நான் ஏங்காமல் இல்லை. இது நியாயமான எதிர்பார்ப்பா தெரியாது. நோய்க்குறியியல் நூலில் அதை யாரும் எழுத மாட்டார்கள். திண்ணையில் பெரியப்பா உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவனுக்கு அப்படித்தான் படிக்க வரும்.

கார்ட்டர் இந்தத் தப்பிலேயே நின்றுவிட்டவர் இல்லை என்பதையும் சொன்னால்தான் நியாயம். அதற்கு அவருடைய இன்னொரு புத்தகத்தைப் பார்க்க வேண்டும். 1876 முதல் 78 வரை தாது வருஷப் பஞ்சம். மெட்ராஸ் மாகாணமும் மைசூரும் பம்பாய் மாகாணமும் பொசுங்கிய காலம். பசியில் பம்பாய்க்கு ஓடிவந்த ஜனங்களிடையே ஒரு காய்ச்சல் பரவியது. வரும், சில நாளில் விட்டுப்போகும், ஒரு வாரம் கழித்துத் திரும்ப வரும். கார்ட்டர் அப்போது கோகுல்தாஸ் தேஜ்பால் மருத்துவமனையில் இருந்தார். சில வருஷம் முன்புதான் பெர்லினில் ஓபர்மையர் என்பவர் இப்படிப்பட்ட காய்ச்சல்காரர்களின் ரத்தத்தில் சுருள் சுருளான கிருமிகள் நெளிவதை வெளியிட்டிருந்தார். அதே கிருமியை கார்ட்டர் பம்பாயில் கண்டார்.

இந்தத் தடவை அவர் பார்த்ததோடு நிற்கவில்லை. நோயாளியின் ரத்தத்தைக் குரங்குகளுக்குச் செலுத்தினார். குரங்குகளுக்குக் காய்ச்சல் வந்தது, அவற்றின் ரத்தத்திலும் அதே சுருள் தெரிந்தது. ஜாடிப் பூஞ்சணத்திடம் கேட்காமல் விட்ட கேள்வியை இங்கே கேட்டுவிட்டார்: நீ கூட இருக்கிறாயா, அல்லது நீதான் காரணமா? 1882இல் 'ஸ்பிரில்லம் காய்ச்சல்' என்று புத்தகமாக வந்தது. இதையும் அது எப்படி ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போகிறது என்ற கடைசிக் கண்ணி மட்டும் அவருக்குக் கிடைக்கவில்லை. துணியில் வாழும் பேன்தான் என்று 1907இல் நாசிக்கில் மேக்கி கண்டுபிடித்தார். ஆனாலும் முறையைப் பொறுத்தவரை 1874 புத்தகத்தைவிட இது ஒரு படி மேல். அப்படியென்றால் இதைத்தானே சிறந்த புத்தகம் என்று சொல்ல வேண்டும்? இல்லை. காய்ச்சல் புத்தகத்தை அன்றைக்கு வேறு ஒருவரும் எழுதியிருக்கலாம், ஐரோப்பாவில் பலர் அதே பாதையில் போய்க்கொண்டிருந்தார்கள். குருணைகளின் நிறத்துக்காகப் பதினான்கு வருஷம் வெட்டுண்ட கால்களோடு உட்கார்ந்திருக்க அவர் ஒருத்தரால்தான் முடிந்திருக்கும்.

1888இல் ஓய்வு பெற்று ஊர் திரும்பினார். 1897இல் ஸ்கார்பரோவில் காசநோயால் இறந்தார்.

மைசிட்டோமா இன்னும் போகவில்லை. 2016இல்தான் உலக சுகாதார அமைப்பின் பேரவை இதைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. கில் எழுதி 174 வருஷம் கழித்து! பாக்டீரியா வகைக்கு இன்று அமிகாசின், கோட்ரைமாக்சசோல் என்று மருந்துகள் இருக்கின்றன, ஒழுங்காக எடுத்தால் பெரும்பாலும் குணமாகிறது. பூஞ்சை வகைக்கு இட்ராகனசோலை மாதக்கணக்கில், சில சமயம் வருஷத்துக்கு மேல் எடுக்க வேண்டும். அப்படியும் பல பேருக்கு அறுவை தேவைப்படுகிறது, திரும்பவும் வருகிறது. கறுப்புக் குருணை என்றால் பூஞ்சை. சிவப்பு என்றால் பாக்டீரியா. வெளிர் என்றால் இரண்டில் எதுவும் ஆகலாம், மைக்ரோஸ்கோப்பும் கல்ச்சரும் வேண்டும். அந்த ஒரு இடத்தில் மட்டும் கார்ட்டரின் கோடு போதவில்லை.

புத்தகத்தை முடித்த ராத்திரி எனக்கு உறைத்தது: இருபது வருஷமாகக் கோபப்பட்டுக்கொண்டிருக்கிறேன், ஆனால் பெரியப்பா காலிலிருந்து என்ன நிறத்தில் வந்தது என்று யாரையும் கேட்டதே இல்லை. கார்ட்டர் கேட்ட முதல் கேள்வி. ஆதாரம் எங்கே என்று லூயிஸ் பக்கம் சாய்ந்தவன், என் சொந்தக் கதைக்கு ஆதாரம் தேடவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நாகேஸ்வர ராவ் பூங்காவில் நடந்துகொண்டே மேலூருக்கு போன் போட்டேன். பெரியம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது, காது கொஞ்சம் மந்தம், ஞாபகம் கூர்மை. சுற்றி வளைத்து விசாரித்துவிட்டு விஷயத்துக்கு வந்தேன்.

"பெரியம்மா, பெரியப்பா கால்ல இருந்து தண்ணி மாதிரி வருமே, அதுல பொடிப் பொடியா ஏதாச்சும் வருமா?"

"வரும்டா தம்பி. ஏன் கேக்குற?"

"என்ன கலர்ல வரும்? வெள்ளையா, ரவை மாதிரியா?"

"வெள்ளையா? இல்லப்பா. கருப்பா கடுகு கணக்கா வரும். கட்டுற துணியில அப்படியே ஒட்டிக்கிட்டு நிக்கும். நாந்தானே தொவைக்கிறது, எனக்குத் தெரியாதா?"

பூங்கா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். கறுப்பு என்பதால் 1991இல் வெட்டியது சரி என்று ஆகிவிடாது. டெஸ்ட் பண்ணினார்களா, வேறு மருந்து கொடுத்துப் பார்த்தார்களா, அதெல்லாம் அப்படியே நிற்கிறது. ஆனால் நான் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்த கதை, ஆறு மாச ஊசி மாத்திரையில் அந்தக் கால் பிழைத்திருக்கும் என்ற கதை, அது அந்தக் காலைப் பற்றிய கதை இல்லை. வேறு ஒரு வகைக் காலைப் பற்றியது.

"எதுக்குடா இப்ப இதெல்லாம் கேக்குற?"

ஒரு வெள்ளைக்கார டாக்டர் அந்தக் காலத்தில் பம்பாயில் உட்கார்ந்து இதையெல்லாம் வரைந்து வைத்திருக்கிறார், அதைப் படித்தேன் என்று சொன்னேன்.

"கருப்புன்னு அவரு போட்டுருக்காரா?"

"போட்டிருக்கார் பெரியம்மா."

"ம்" என்றார். அப்புறம் மாமனார் திதிக்கு வருவியா என்று கேட்டார்.